செக்கர் பிடித்த போலி நிலையம்

பேருந்தில் டிக்கெட் பரிசோதகராக வேலை பார்ப்பவரை வீட்டிலும் தெருவிலும் செக்கர் என்றே சொல்வார்கள். பெயர் சும்மா ஒட்டிக்கொள்ளவில்லை. கைக்குழந்தை, டிக்கெட் வேண்டாம் என்று தாய் சொன்னால், குழந்தையை இறக்கி நிற்கவைத்துப் பார்க்கிற மனிதர் அவர். பூட்டிய கதவைப் பாதித் தெருவிலிருந்து திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பார். மனைவி தலைவலி என்றால் நெற்றியைத் தொட்டுப் பார்த்த பிறகே நம்புவார். காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்பார்கள். இவருக்கு அந்தக் கண் பிறவியிலேயே வாய்த்துவிட்டது.

இப்பேர்ப்பட்டவருக்கு அமெச்சூர் ரேடியோ எப்படிப் பிடித்தது என்பது ஆண்டவனுக்கே வெளிச்சம். படுக்கையறை மூலையில் ஒரு மேசை, மேலே ரேடியோப் பெட்டி, ஜன்னல் வழியாக மொட்டைமாடிக்கு ஏறி எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி வரை போகிற கம்பி. தந்தி அடிக்கிற மாதிரி மோர்ஸ் சாவியைத் தட்டி, லைசென்ஸோடு கிடைத்த அடையாள எழுத்துகளான தன் அழைப்புக்குறியைச் சொன்னால், முகம் தெரியாத யாரோ பதில் தட்டுவார். அவர் சொல்வதை நம்பித்தான் ஆகவேண்டும். செக்கர் அங்கேயும் நம்பியதில்லை.

போன வருஷம் ஒரே நாளில் அதிகப் பேருடைய நிலையங்களோடு பேசிப் புள்ளி சேர்ப்பது யார் என்று சுற்றுவட்டார ரேடியோ சங்கங்கள் நடத்திய போட்டியில் மனைவியின் தம்பி முதலாவதாக வந்தான். மூன்று தெரு தள்ளி இருக்கிறான், கண்ணாடிக் கடையில் வேலை. என்னுடையதைவிடச் சின்னப் பெட்டியை வைத்துக்கொண்டு இவன் எப்படி ஜெயிக்கலாம்? தனியாளாக உட்கார வேண்டிய போட்டியில் பக்கத்தில் ஆள் வைத்துக்கொண்டான் என்று செக்கர் சங்கத்தில் புகார் கொடுத்தார். விசாரித்தார்கள். ஒன்றுமில்லை. அன்றைக்கு மனைவி அழவில்லை, கத்தவில்லை.

"இத பாருங்க. இன்னொரு தடவை என் தம்பிய ஊர் முன்னாடி திருடனாக்கினீங்க, நான் இந்த வீட்டுல இருக்க மாட்டேன்" என்றாள். சொன்னால் செய்கிறவள். அதனால் செக்கர் ஒரு வருஷமாக வாயைக் கட்டிக்கொண்டு வாழ்ந்தார். மனசை யார் கட்டுவது?

இந்த வருஷப் போட்டி ஞாயிற்றுக்கிழமை வந்தது. காலையிலேயே மனைவி, "தம்பி வீட்டுக்குப் போயிட்டு வரேங்க" என்று கிளம்பினாள். நாலைந்து மாதமாகவே அடிக்கடி போகிறாள்; கேட்டால் "சும்மாதான்" என்கிறாள். அதுவும் இன்றைக்கா?

ஹெட்போனை மாட்டி உட்கார்ந்து கொஞ்ச நேரத்தில் ஒரு நிலையம் அவரைப் பெயர் சொல்லாத குறையாக, அவர் குறியைச் சொல்லியே அழைத்தது. கேள்விப்படாத அழைப்புக்குறி. காது கிழிகிற பலம். அப்படியானால் அக்கம்பக்கத்துத் தெருவாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் தட்டுகிற கை மைத்துனனுடையது அல்ல. நிதானமாக, எழுத்தெழுத்தாகத் தட்டியது. அடப்பாவி, கையை மாற்றித் தட்டுகிறானா? இல்லாத பெயரில் ஒரு நிலையத்தைக் கிளப்பித் தனக்குத்தானே புள்ளி சேர்க்கிறானா? மூன்று தடவை அழைத்தது. செக்கர் மூச்சுக்காட்டவில்லை.

மைத்துனன் பேரை எடுத்தால்தானே வம்பு? எடுக்காமலே வாட்ஸ்அப்பில் சங்கத்துக் குழுவில் அந்தக் குறியைப் போட்டு எழுதினார்: "இது போலி. யாரும் பதில் கொடுக்காதீங்க. இருக்கிற புள்ளியும் போயிடும்." செக்கரே சொல்லிவிட்டார் என்றால் அப்பீல் ஏது? ஆளாளுக்குக் கட்டைவிரலைத் தூக்கினார்கள். அதோடு விட்டாரா? கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்று தன் போட்டியை அம்போவென்று விட்டுவிட்டுச் செருப்பை மாட்டினார்.

மைத்துனன் வீட்டு மாடிப்படியிலேயே சாவி தட்டுகிற சத்தம் கேட்டது. மாட்டினாயா மகனே என்று கதவைத் தட்டினால், திறந்ததே மைத்துனன்தான். உள்ளே சாவி தட்டிக்கொண்டே இருந்தது.

"வாங்க மாமா. சத்தம் போடாதீங்க, அக்கா உட்கார்ந்திருக்கு."

"அக்காவா? அப்ப நீ?"

"நான் இந்த வருஷம் கலந்துக்கல. அக்கா பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கியாச்சு. உங்களுக்குத் தெரியாம வச்சிருந்தோம்."

மேசை முன்னால் மனைவி. ஹெட்போனை ஒரு காதிலிருந்து நகர்த்தித் திரும்பினாள். முகம் வாடியிருந்தது. இவரைப் பார்த்ததும் வெட்கத்தோடு சிரித்தாள்.

"வந்துட்டீங்களா? முதல்ல உங்களைத்தாங்க கூப்பிட்டேன். மூணு தடவை. உங்களுக்குக் கேக்கல போலன்னு நெனச்சேன். அப்புறம் ரெண்டு பேர் பதில் சொன்னாங்க. இப்ப ரொம்ப நேரமா ஒருத்தருமே வரல. என் கையில ஏதாவது தப்பிருக்கா? கேட்டுச் சொல்லுங்களேன்."

தட்டிக் காட்டினாள். ஒரு புள்ளி பிசகவில்லை. பொய் சொல்லிவிடலாமா என்றுகூடச் செக்கர் பார்த்தார்.

"உன் கையில தப்பில்ல" என்றார். "நான்தான் போலின்னு குழுவுல எழுதிட்டேன்."

மைத்துனன் போனை எடுத்துப் பார்த்துவிட்டு அக்காவிடம் நீட்டினான். அந்த எழுத்துக்குக் கீழே நின்ற கட்டைவிரல் படங்களை எல்லாம் அவள் மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள்.

"இத்தனை பேர் உங்களை நம்பறாங்களா? பாவம்" என்றாள்.

செக்கர் அங்கேயே நின்று சங்கச் செயலாளரைக் கூப்பிட்டார். "ஐயா, அது நெஜமான நிலையந்தான். என் வீட்டுக்காரி."

"என்னங்க இது? நீங்களே போலிங்கறீங்க, நீங்களே நெஜங்கறீங்க. பின்னாடி மச்சான் நிக்கிறாரா? எதுக்கும் போட்டி முடியட்டும், விசாரிச்சுப் பாத்துடுவோம்" என்று செயலாளர் வைத்துவிட்டார்.

மனைவி ஹெட்போனை மறுபடி மாட்டிக்கொண்டு சாவிப்பக்கம் திரும்பினாள். செக்கர் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினார். வழியில் யார் பார்த்தால் என்ன? வீட்டுக்குள் நுழைந்து பெட்டி முன்னால் விழுந்தார். அவள் குறி காதில் கணீரென்று வந்தது. யாராவது இருக்கிறீர்களா என்று அழைத்துவிட்டு நிறுத்தினாள். செக்கர் தன் குறியைத் தட்டினார்.

ஒரு கணம் ஒன்றுமில்லை. பிறகு, யாருமே பதில் சொல்லாதது மாதிரி, யாராவது இருக்கிறீர்களா என்று அவள் மறுபடி ஆரம்பித்தாள்.

செக்கர் திரும்பத் தட்டினார். நிறுத்தினார். அதற்கும் பதில் இல்லை. இடையில் இருப்பது மூன்றே தெரு. அவளுக்குக் கேட்கவில்லை போல என்று நினைத்துக்கொள்ள அவரால் முடியவில்லை.