வரிசையின் முதல் சைக்கிள்

சட்டைத் தொழிற்சாலையில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. செக்கிங் அக்கா, அவ்வளவுதான். அடியில் குழல்விளக்கு எரியும் கண்ணாடி மேஜைமேல் தைத்த சட்டையை விரிப்பாள். வெளிச்சம் துணியைத் துளைத்துக்கொண்டு மேலே வரும். ஊசி தவறிய இடமோ நூல் விட்டுப்போன இடமோ அவள் கண்ணுக்குத் தப்பியதில்லை. "யாரும்மா இது? தையல் போட்டியா, இல்ல தாண்டி விளையாடினியா?" என்று சட்டையைத் திருப்பி வீசுவாள். தைத்தவள் வாய்க்குள் திட்டிக்கொண்டே பிரித்துத் தைப்பாள்.

ஆனால் அவளுடைய ராஜ்யம் உண்மையில் தொடங்குவது கேட்டுக்கு வெளியேதான். ஷிப்டு முடியும்போதே இருட்டிவிடும். வீடுகளுக்குப் போகிற வாய்க்கால் பாதையில் கம்பம் உண்டு, விளக்கு கிடையாது. கல் ஏற்றிய லாரிகள் வேறு. அதனால் அந்தப் பக்கத்துப் பெண்கள் ஆறு பேரும் ஒருவர் பின் ஒருவராகச் சைக்கிளில் போவார்கள். முதல் சைக்கிள் செக்கிங் அக்காவுடையது. அதில்தான் டைனமோ விளக்கு இருந்தது. பள்ளம் கண்டால் அவள் குரல் கொடுப்பாள்: "பள்ளம், இடது!" அடுத்தவள் அதை வாங்கித் தனக்குப் பின்னால் வருகிறவளுக்குச் சொல்வாள். அப்படியே கடைசிச் சைக்கிள் வரை போகும். தன் வாயில் கிளம்பிய சொல் குரல் மாறி மாறி முதுகுக்குப் பின்னால் ஓடுவதைக் கேட்க அவளுக்கு அவ்வளவு சுகம். வீட்டில் அவள் பேச்சு அடுப்படி வாசலைத் தாண்டியதில்லை. இந்தப் பாதையில் மட்டும் அவள் சொன்னால் ஆறு சைக்கிள் வளையும்.

அதில்தான் மண் விழுந்தது.

பட்டன் மெஷினில் ஒரு பெண் புதிதாகச் சேர்ந்தாள். எப்போதும் சிரித்த முகம்; வீடும் வாய்க்கால் பாதைப் பக்கம்தான். இரண்டே நாளில் எல்லாருக்கும் அவள் 'பட்டன்' ஆகிவிட்டாள். அவள் சைக்கிள் கைப்பிடியில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு விளக்கு. அண்ணன் வாங்கிக் கொடுத்ததாம்.

முதல் நாள் மாலை பாலத்து ஏற்றம் வந்தது. டைனமோ உரச உரச மிதி கனத்தது, விளக்கு மின்மினியாகச் சுருங்கியது. பக்கத்தில் பாய் விரித்ததுபோல் வெளிச்சம் படர்ந்தது.

"அக்கா, உங்களுக்கு மூச்சு வாங்குது. நான் முன்னாடி போறேன், நீங்க நிதானமா வாங்க."

நிதானமா வாங்க! நடக்க முடியாத கிழவியிடம் சொல்வதைப் போல. ஏற்றம் முடிந்து நிமிர்வதற்குள் மற்ற ஐந்து சைக்கிளும் அந்த வெளிச்சத்தின் பின்னால் சேர்ந்திருந்தன. "பள்ளம், வலது!" என்று முன்னால் ஒரு புதுக்குரல் கேட்டது. சொல் ஒவ்வொரு வாயாக இறங்கி அவளிடம் வந்து நின்றது. வாங்கிச் சொல்ல அவளுக்குப் பின்னால் ஆளில்லை.

வீட்டுக்கு வந்து தட்டை நங்கென்று வைத்தாள்.

"என்ன, மூஞ்சி உப்பியிருக்கு?" என்றான் கணவன்.

"சைக்கிளுக்கு வேற லைட்டு வாங்கணும்."

"ஏன், இருக்கறது எரியலையா?"

"எரியுது, எரியுது. எல்லாந்தான் எரியுது."

மாமியார் படுத்த இடத்திலிருந்தே கேட்டாள்: "இருட்டுல போற சைக்கிளுக்கு எதுக்குடி அலங்காரம்? யாரு பாக்கப் போறா?"

யார் பார்க்க வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும்.

வாரவிடுமுறையில் சைக்கிள் கடைக்குப் போனாள். "விலை கையைக் கடிக்கக் கூடாது. ஆனா எல்லாத்தையும் தூக்கிச் சாப்பிடணும்" என்றாள்.

கடைக்காரர் சிரித்துக்கொண்டே விளக்குகளை எடுத்து வைத்தார். "இதை எடுங்க. சார்ஜ் போடுறது. கீழ பரவலா அடிக்கும், ரோடு தெரியும். விலையும் உங்களுக்குத் தாங்கும்."

அவள் முந்தானையை விளக்கின்மேல் போர்த்தி, கண்ணருகே பிடித்துப் பார்த்தாள். வேலை செய்து செய்து கைக்கு வந்த பழக்கம். "என்னங்க இது, சோகை பிடிச்சவ மாதிரி வெளிறிக் கிடக்கு? துணியைக்கூடத் தாண்டல."

"துணியில பாக்காதீங்கக்கா. கீழ, தரையில அடிச்சுப் பாருங்க."

அவள் கை அதற்குள் மூலையில் கிடந்த இன்னொன்றை எடுத்திருந்தது. டார்ச் போல நீளமானது, விலையும் குறைவு. முந்தானைக்குள் வைத்து அமுக்கினாள். வெளிச்சம் துணியைக் கிழித்துக்கொண்டு கண்ணில் குத்தியது. தண்ணீரே வந்துவிட்டது.

"இதான்!"

"அது ஒரே இடத்துல குவிஞ்சு அடிக்கும்க்கா, ரோட்டுக்கு அவ்வளவா..."

"வெளிச்சத்தைப் பத்தி எனக்கே சொல்றீங்களா? என் பொழப்பே அதாங்க."

கடைக்காரர் அதையே மாட்டிக் கொடுத்தார்.

மறுநாள் மாலை கேட் திறந்ததும் முதல் ஆளாக வெளியே வந்து விளக்கைப் போட்டாள்.

"அடேங்கப்பா!" என்றது கூட்டம்.

"அக்கா, கண்ணு கூசுது!" என்று பட்டன் கையால் முகத்தை மறைத்தாள். நன்றாகக் கூசட்டும் என்று குளிர்ந்துபோனாள் செக்கிங் அக்கா.

குளிர்ச்சி பாலம் வரைகூட நீடிக்கவில்லை. வெளிச்சம் எங்கோ தூரத்து மரத்தில் தட்டு அளவுக்கு ஒரு வட்டம் போட்டது. முன்சக்கரத்துக்கு முன்னால் கும்மிருட்டு. எதிரே சைக்கிளில் வந்த ஒருவர் கண்ணைப் பொத்திக்கொண்டு இறங்கியே விட்டார். "ஏம்மா, ஆளைக் குருடாக்கவா கிளம்பினே?" அவருக்குப் பதில் சொல்ல வாயெடுத்தாள். சைக்கிள் பள்ளத்தில் இறங்கியது. பின்னால் வந்த இரண்டும் அவள்மேல் வந்து மோதின. சாப்பாட்டு டப்பா மூடி உருண்டோடியது.

"என்னக்கா, பள்ளம்னு சொல்லவேயில்ல?"

பட்டன் தன் சைக்கிளைத் திருப்பி வெளிச்சம் காட்டினாள். பள்ளம் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. மூடியைத் தேடி எடுத்து, துடைத்து, அவள் கையிலேயே கொடுத்தாள். "பரவாயில்லக்கா. புது லைட்டுதானே, பழகிடும்." ஒரு வார்த்தை குத்திப் பேசியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். இந்த அன்புதான் பொறுக்கவில்லை.

அதன்பின் அவள் கடைசியில் போனாள். அந்தப் பெண்ணின் வெளிச்சத்தை இரவல் வாங்க மனமில்லாமல் வரிசையை விட்டுக் கொஞ்சம் தள்ளியே மிதித்தாள். தன் விளக்கைப் போடவும் இல்லை. அப்படி ஒருநாள் கல் லாரி ஒன்று புடவையை உரசுவதுபோல் வந்து பிரேக் அடித்தது. டிரைவர் தலையை நீட்டினார். "கிட்ட வந்தாத்தானே தெரியுது! பின்னாடி ஒரு லைட்டு கிடையாதா?"

மறுநாள் மேஜைக்குப் போனாள். அன்றைக்குப் பார்த்துச் சிவப்புச் சட்டைகள் வந்திருந்தன. ஒன்றை விரித்தாள். குழல்விளக்கு செக்கச்செவேலென்று மேலே வந்தது. பாதி சட்டையில் கை நின்றுவிட்டது. கண்ணில் குத்துகிற வெளிச்சமாகப் பார்த்துப் பார்த்து வாங்கினோமே, அது யார் கண்ணில் குத்த வேண்டும்?

துணி வெட்டும் கட்டிங் பகுதியில் ஒரு சிவப்புத் துண்டு கேட்டு வாங்கினாள். மாலையில் விளக்கைக் கழற்றிக் கேரியரில் பின்பக்கம் பார்க்கக் கட்டி, துண்டைப் போர்த்தி ரப்பர் பேண்டு போட்டாள். "என்னக்கா, சைக்கிளுக்குத் தலைப்பாகையா?" என்று சிரித்தார்கள். அவள் கடைசியில் போய் நின்றாள்.

வாய்க்கால் பாதையில் லாரிச் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தாள். வெகுதூரத்திலேயே வேகம் குறைந்து, லாரி அடக்க ஒடுக்கமாக வந்துகொண்டிருந்தது. தன்னை மறந்து கத்தினாள்: "லாரி, ஓரம்!"

முன்னால் போனவள் பழக்கதோஷத்தில் அதை வாங்கி, தனக்கு முன்னால் போகிறவளுக்குச் சொன்னாள். சொல் வாய்வாயாக மேலே ஏறியது. கடைசியில், எல்லாருக்கும் முதலில் போய்க்கொண்டிருந்த பட்டன் சைக்கிளை ஓரம் கட்டினாள். செக்கிங் அக்காவுக்கு அன்று ராத்திரி இரண்டு வாய் கூடுதலாக இறங்கியது.

இதுவும் நிலைக்க வேண்டுமே! சில நாளில் பட்டன் கேரியரில் சிவப்பாக ஒன்று மின்னியது.

"அண்ணன்கிட்ட சொல்லி வாங்கிட்டேன்க்கா. நீங்களே எப்பவும் கடைசியா வர்றீங்க, பாவமா இருக்கு. இன்னைக்கு நான் பின்னாடி வரட்டுமா?"

செக்கிங் அக்கா தன் கேரியரில் ரப்பர் பேண்டை இன்னொரு சுற்று இறுக்கினாள்.

"நீ முன்னாடி போம்மா. ரோட்டை நல்லாப் பாரு. பின்னாடி வேலை எல்லாருக்கும் வராது."

பட்டன் சிரித்துக்கொண்டே முன்னால் போனாள். அவளுடைய சிவப்பு விளக்கு வரிசையின் தலைப்பில் மினுக் மினுக்கென்று அடித்தது. செக்கிங் அக்கா கண்ணை இடுக்கிக்கொண்டு அதையே பார்த்தபடி மிதித்தாள். விட்டு விட்டு எரியுது, நூல் அறுந்த தையல் மாதிரி. என் மேஜைக்கு வந்தா திருப்பித்தான் விட்டிருப்பேன்.

பாலம் தாண்டியதும் பின்னால் திரும்பிப் பார்த்தாள். பாதை வெறிச்சோடிக் கிடந்தது. லாரி என்ன, ஒரு நாய்கூட இல்லை.

"லாரி, ஓரம்!" என்றாள்.

குரல்கள் ஒவ்வொன்றாக மேலே ஏறின. கோடியில் அந்த மினுக் மினுக் அடக்கமாக ஓரத்துக்கு நகர்ந்தது.