நம்ம ஹோஸ் போகுது

இன்று சிங்கப்பூரின் துவாஸில் என் லாரிக்கு, இன்ஜினுக்குத் தண்ணீர் கொண்டுபோகும் ரேடியேட்டர் ஹோஸை மாற்றும்போது, புது ரப்பர் வாசனையில் அம்மாவின் உதிரிபாகக் கடைக்கே போய்விட்டேன். ஃபேரர் பார்க்கில் இப்போது ஓட்டல் நிற்கும் இடம் அது. உப்பிப்போன பழைய ஹோஸைத் தோளில் மாட்டிக்கொண்டு லாரிக்காரர்கள் வருவார்கள். அம்மா அதைப் புது ஹோஸ்களோடு வளைவுக்கு வளைவு ஒட்டிவைத்துப் பார்ப்பார், பொருந்தாவிட்டால் விற்கவே மாட்டார்.

"நேரா இருக்கிறதையே குடுங்கக்கா, வளைச்சு மாட்டிக்கிறேன் லா," என்றார் ஒருநாள் ஒரு லாரிக்காரர்.

"மடங்கிடும் தம்பி. தண்ணி ஓடாம இன்ஜின் கொதிச்சுடும். சரியானதை நாளைக்கு வரவழைக்கிறேன்."

முறைத்துக்கொண்டு போனவர், மறுநாள் வந்து வாங்கிப்போனார். அதன்பின் கடையைக் கடக்கும்போதெல்லாம் ஹார்ன் அடிப்பார். அம்மா நிமிராமலே, "நம்ம ஹோஸ் போகுது," என்பார்.

இன்று அந்த ஓட்டலைக் கடக்கையில் நானும் ஹார்ன் அடித்தேன்.