மதினியின் முடியும் அண்ணனின் வழுக்கையும்

போன மாதம் நாகலாபுரத்தில் என் அண்ணன் வீட்டில் பேரனுக்குக் காதுகுத்து. பந்தி நடந்துகொண்டிருந்தது. சம்பந்தி வீட்டாரோடு அண்ணனும் உட்கார்ந்திருந்தார். சாம்பார் ஊற்றும்போது அவர் இலையில் ஒரு முடி.

எடுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிட்டிருக்கலாம். வேறு இலை கேட்டிருக்கலாம். அவர் என்ன செய்தார் தெரியுமா? அந்த முடியை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பந்தி முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினார்.

“ஏட்டி வேலம்மா! ஒன் தலையில கெடக்கது பூரா என் எலையிலதான் விழணுமா?”

பந்தி சிரித்தது. சம்பந்தியும் சிரித்தார். தண்ணீர் வைத்துக்கொண்டிருந்த என் மதினி வேலம்மாள், செம்பைக் கீழே வைத்துவிட்டு, சேலைத் தலைப்பால் தலையை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அன்றைக்குச் சமையல் விளாத்திகுளத்து ஆட்கள். மதினி அடுப்புப் பக்கமே போகவில்லை. அந்த முடியோ கருகருவென்று முழ நீளம். மதினிக்கு ஐம்பது தாண்டிவிட்டது, தலை பாதிக்கு மேல் நரை!

இன்னொன்றும் உண்டு. என் அண்ணன் தலையில் முடியே கிடையாது. முப்பது வயதைத் தாண்டியதுமே நடுமண்டை பளபளக்க ஆரம்பித்துவிட்டது. யாராவது ஒரு நாள் கேலி செய்திருப்பார்களா? யோகம் என்றார்கள். முகத்துக்கு ஒரு களை வந்துவிட்டது என்றார்கள். ஆணுக்கு உதிர்ந்தால் களை... பெண்ணுக்கு உதிர்ந்தால் பந்தியில் பரிகாசம். எந்த ஊர் நியாயம் இது?

உள்ளே போய்ப் பார்த்தேன். மதினி அழவில்லை. அரிசிப் பானைக்குப் பக்கத்தில் சாய்ந்து உட்கார்ந்து, பச்சை அரிசியை அள்ளி அள்ளி மென்றுகொண்டிருந்தார்.

“என்ன மதினி, சாப்பிடாம அரிசியத் திங்கீங்க?”

“சோறு எறங்க மாட்டேங்கு கோமதி. வாய் இதத்தான் கேக்கு.”

தலைப்பை விலக்கிக் காட்டினார். வகிடு இருந்த இடம் பாதைபோல அகன்று, உச்சியில் தோல் தெரிந்தது. அலமாரியில் காலி பாட்டில்கள். கூந்தல் தைலம் — தபாலில், வி.பி.பி.யில் பணம் கட்டி வரவழைத்தது.

“இத எங்க புடிச்சீங்க?”

“நீ வாரா வாரம் எழுதுத பொஸ்தகத்துலதான் வெளம்பரம் போட்டிருந்தான். முழங்கால் வரைக்கும் முடி வச்ச பொம்பள படம்.”

அந்தப் பொஸ்தகம் இந்தப் பத்திரிகைதான். ஆசிரியர் இந்த இடத்தை வெட்டாமல் விட்டால் அவருக்கு என் நன்றி.

மறுநாளே மதினியைக் கோவில்பட்டிக்கு, என் வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டேன். “முடிக்குப் போயி ஒரு டாக்டரா?” என்று, பஸ் புறப்படும் வரை அண்ணன் முணுமுணுத்துக்கொண்டே நின்றார்.

பெயர் சொல்ல மாட்டேன், கூட்டம் அதிகம் சேருகிற டாக்டர். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“பேரன் பேத்தி எடுத்தாச்சா?”

“எடுத்தாச்சு சார்.”

“அப்புறம் எதுக்கும்மா முடி? இனிமே யாரு பாக்கப் போறா?”

அவர் சிரித்தார். கம்பவுண்டரும் சிரித்தார். ஒரு டானிக் எழுதிக் கொடுத்தார், அடுத்த ஆள் வந்தாயிற்று. கண்ணைப் பார்க்கவில்லை, நாடி பிடிக்கவில்லை, எத்தனை நாளாக என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. முடி என்ன, அடுத்தவர் பார்ப்பதற்காகவா முளைக்கிறது? இதைக் கேட்காமல் வெளியே வந்தது இன்னும் எனக்கு ஆறவில்லை.

தெருவில் கொஞ்ச தூரம்கூட நடந்திருக்க மாட்டோம். மதினிக்கு மூச்சு வாங்கியது. ஒரு கடைப் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். முகம் வெளிறிக் கிடந்தது. பயந்துபோய், ரிக்‌ஷா பிடித்து ஒரு லேடி டாக்டரிடம் கொண்டுபோனேன்.

அந்த அம்மாள் தலையை அப்புறம்தான் பார்த்தார். முதலில் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார், பிறகு நாக்கு, நகம். எல்லாம் வெளுத்திருந்தது. அரிசி தின்கிற பழக்கம் உண்டா என்று அவராகவே கேட்டார். பிறகு நாற்காலியை நெருக்கிப் போட்டுக்கொண்டு, மெதுவாக, “மாதவிலக்கு நின்னுட்டாம்மா?”

மதினி என்னைப் பார்த்தார். தரையைப் பார்த்தார்.

“நிக்கல டாக்டரம்மா. மாசத்துல பாதி நாளு போயிக்கிட்டேதான் இருக்கு. ரெண்டு வருசமா.”

“வீட்டுல சொல்லலையா?”

“இத எப்படி அவியகிட்டச் சொல்ல? முடின்னா சொல்லலாம்.”

இரண்டு வருடமாக உடம்பிலிருந்து ரத்தம் போய்க்கொண்டிருக்கிறது. அதோடுதான் இந்த மனுஷி கரிசல் காட்டில் மிளகாய்க்குக் களை வெட்டினார், பருத்தி எடுத்தார், ஊருணியிலிருந்து தண்ணீர் சுமந்தார். வீட்டில் அத்தனை பேருக்கும் கண்ணில் பட்டது உதிர்ந்த முடி ஒன்றுதான்!

டாக்டரம்மா விளக்கமாகவே சொன்னார். ரத்தசோகை, அரிசி தின்னத் தோன்றுவதும் அதனால்தான். கர்ப்பப்பையில் கட்டி இருக்கும்போல் தெரிகிறது, பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் காட்டி ஆபரேஷன் செய்துகொள்ள வேண்டும். அதுவரை இரும்புச்சத்து மாத்திரை, முருங்கைக்கீரை, ஈரல், முட்டை. ரத்தம் ஊறினால் முடி கொட்டுவது சில மாதத்தில் குறையும். வயதினால் உச்சியில் மெலிந்தது முழுதாகத் திரும்பாமலும் போகலாம். கழுத்துச் சுரப்பிக் கோளாறு, கடுமையான காய்ச்சல், மனக்கவலை என்று வேறு காரணங்களும் உண்டாம். “எண்ணெயத் தேய்ச்சு இதையெல்லாம் சரி பண்ண முடியாதும்மா” என்றார்.

போன ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வந்தார். எல்லாவற்றையும் விவரமாகச் சொன்னேன். முழுக்கக் கேட்டுக்கொண்டார். பிறகு ஒரு கேள்வி கேட்டார் பாருங்கள்...

“அது சரி... முடி வளந்துருமா?”

“அண்ணே, ஒங்களுக்கு...” என்று நான் எழுந்தேவிட்டேன். அதற்குள் உள்ளறையிலிருந்து மதினி வந்தார். இந்த முப்பது வருடத்தில் அண்ணனை எதிர்த்து அவர் பேசி நான் கேட்டதில்லை.

“வளந்தா வளருது, வளராட்டிப் போகுது. ஆபரேசன் முடிச்சு, ஒடம்பு தேறின பெறவுதான் நான் வருவேன். அதுவரைக்கும் மாட்டுக்கு நீங்களே தண்ணி காட்டுங்க. தெனமும் ரெண்டு நேரம்.”

அண்ணன் என் முகத்தைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். சாயங்கால பஸ்ஸில் தனியாகத்தான் போனார்.

உங்கள் வீட்டிலும் ஒரு அம்மா, ஒரு அக்கா, ஒரு மதினி இருப்பார்கள். முடி கொட்டுகிறது என்று அவர்கள் சொன்னால் சிரிக்காதீர்கள். வாயில் வராத வேறு ஒன்றை, சொல்லக்கூடிய வார்த்தையில் சொல்கிறார்களோ என்னவோ. பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். டாக்டரிடம் கூட்டிப் போங்கள். முதல் டாக்டர் சிரித்தால் அடுத்தவரிடம் போங்கள்.

ஊரில் இந்தப் பத்தியை உரக்கப் படித்து, ‘என் தங்கச்சி எழுதியது’ என்று பெருமை பேசுவது என் அண்ணன் வழக்கம் — இந்த வாரமும் படிக்கட்டும்!