அக்காவின் விரல் போன பக்கம்

ஊரில் எந்த நாடகம் நடந்தாலும் வீடியோக்காரர்தான் படம் பிடிப்பார். படம் பளிச்சென்று இருக்க வேண்டும், வசனம் காதில் விழுந்தால் போதும் என்பது அவர் கணக்கு. பார்வை போய்ப் படுக்கையில் கிடந்த அவருடைய அக்காதான் அந்தக் கணக்கைக் கலைத்தாள். அவள் மகள் முதல்முறையாக மேடை ஏறவிருந்தாள்.

“அவ எங்க நிக்கிறா, எந்தப் பக்கம் நடக்கிறான்னு எனக்குத் தெரியணும்டா.”

வீடியோக்காரர் மேடையின் இரு ஓரத்திலும் ஒவ்வொரு மைக் வைத்து, இடப்பக்கச் சத்தம் இடக்காதிலும் வலப்பக்கச் சத்தம் வலக்காதிலும் கேட்கும்படி தனித்தனியாகப் பதிவு செய்தார். மறுநாள் அக்காவைத் தலையணையில் சாய்த்து உட்காரவைத்து, ஹெட்ஃபோனை மாட்டிவிட்டுப் படத்தை ஓடவிட்டார்.

மகளின் காலடி கேட்டதும் அக்கா விரலை நீட்டினாள். விரல் இடமிருந்து வலமாக நகர்ந்தது. திரையிலோ மகள் வலமிருந்து இடமாகப் போய்க்கொண்டிருந்தாள்.

வீடியோக்காரர் சட்டென்று படத்தை நிறுத்தினார். அவசரத்தில் மைக் வயர்களை மாற்றிச் செருகியிருக்கிறார்!

“ஏன்டா நிறுத்திட்ட?”

“பக்கம் மாறிப்போச்சுக்கா. ஹெட்ஃபோனைத் திருப்பி மாட்டினா சரியாயிடும்.”

“இத்தனை வருஷமா இதத்தான் கிழிச்சியா?”

ஹெட்ஃபோனைத் திருப்பி மாட்டிவிட்டு, மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டார். இப்போது விரல் மகளோடு சேர்ந்தே நடந்தது. அவள் நின்றால் நின்றது, திரும்பினால் திரும்பியது. ஒரு கட்டத்தில் அக்காவின் மூக்குக்கு நேரே வந்து நின்றது.

“நடுவுல வந்துட்டா, இல்லியா?”

மகள் நடுமேடையில்தான் நின்றுகொண்டிருந்தாள்.

“ஆமாக்கா” என்றார். திரையை மட்டும் அணைத்துவிட்டு, மீதி நாடகத்தை அந்த விரலில் பார்த்தார்.