மூன்றாவது கொப்பில் இருந்தவன்

இரண்டு வாரமாக எங்கள் வீட்டு ரசத்தில் கறிவேப்பிலை இல்லை. மொட்டை மாடித் தொட்டியில் என் தோள் உயரத்துக்குக் கறிவேப்பிலைச் செடி தழைத்து நிற்கிறது. ரசம் மட்டும் வெறுமனே வருகிறது. ஏன் என்று கேட்டால் என் மனைவி செல்வி, "பேசாம சாப்பிடுங்க" என்கிறாள்.

சரி என்று விட்டுவிட்டேன். எனக்கு அதைவிடப் பெரிய குழப்பம் ஒன்று இருந்தது... மேக்ரோ லென்ஸ்!

செல்போனில் கிளிப் போல மாட்டுகிற குட்டி லென்ஸ். பொடிப்பொடி உயிர்களை நெருக்கத்தில் படம் பிடிக்கலாம். ஆனால் 'மேக்ரோ' என்றால் பெரிது என்று அர்த்தமாம். சின்னதை எடுக்கிற லென்ஸுக்கு எதற்குப் பெரிது என்று பெயர்? விளக்கம் தேடி மூன்று வீடியோ பார்த்தேன். ஒருவர் கிட்டே போ என்றார். அடுத்தவர் ரொம்பக் கிட்டே போகாதே என்றார். மூன்றாமவர் மூச்சே விடாதே என்றார்.

மூன்றாமவர் சொன்னது மட்டும் புரிந்தது. லேசாக மூச்சு விட்டாலே ஃபோகஸ் ஓடிவிடுகிறது. எறும்பின் தலையைக் குறிவைத்தால் பின்பக்கம் தெளிவாக விழுகிறது. பின்பக்கத்தைக் குறிவைத்தால் எறும்பே கிளம்பிப் போய்விடுகிறது.

செல்லூரில் ஸ்டூடியோ வைத்திருக்கும் என் நண்பன் மணிமாறனுக்கு போன் போட்டேன். வருஷக்கணக்காகக் கல்யாண வீடுகளில் படம் எடுப்பவன்.

"இம்புட்டுத்தானா மாப்ள? பொண்ணு மாப்பிள்ளையோ, எறும்போ... பேக்கிரவுண்டு சுத்தமா இருக்கணும். மணவறைக்குப் பின்னாடி வாளி, தொடப்பம் கெடந்தா மொதல்ல அதைத்தான் எடுத்துப் போடுவேன். அதே மாதிரி எறும்பு நிக்கிற எடத்தையும் தொடச்சு விட்டுட்டு எடு."

போன ஞாயிற்றுக்கிழமை காலை, ஈரத்துணியும் கையுமாக மாடிக்குப் போனேன். கறிவேப்பிலைச் செடியின் மூன்றாவது கொப்பில் ஒரு கட்டெறும்பு. மூச்சைப் பிடித்து ஒரு கிளிக். அப்போதுதான் கவனித்தேன், பக்கத்து இலையில் ஒரு பறவை எச்சம். கருப்பும் வெள்ளையுமாக, பளபளவென்று. மணவறைக்குப் பின்னால் வாளி!

துணியால் ஒரே இழுப்பு. இலை பளிச்சென்று ஆனது. எறும்பைக் காணோம். துணியைச் சுருட்டிக் கைப்பிடிச் சுவர்மேல் எறிந்தேன்.

துவைத்த துணிகளோடு செல்வி மேலே வந்தாள். வந்ததும் நேராகச் செடியிடம் போனாள். குனிந்தாள். இலையைத் திருப்பிப் பார்த்தாள்.

"இங்கன இருந்தவன் எங்க?"

"எவன்?"

"மூணாவது கொப்புல இருந்தானே, அவன்!"

நாகமலை புதுக்கோட்டையில், என் வீட்டு மாடியில், எனக்குத் தெரியாமல் எவன் இருந்தான்?

"இங்க ஒரு எறும்பு, ஒரு எச்சம். அம்புட்டுத்தான்" என்றேன், "எச்சத்தைத் தொடச்சுட்டேன்."

செல்வியின் முகம் மாறிவிட்டது. "போட்டோவைக் காட்டுங்க" என்றாள். இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினாள். எறும்பு வெறும் புகையாகத் தெரிந்தது. வழக்கம்போல ஃபோகஸ் தப்பான இடத்தில் விழுந்திருந்தது. எச்சத்தின் மேல்!

அந்த எச்சத்துக்குக் கால்கள் இருந்தன. குட்டிக் குட்டியாக, வரிசையாக. ஒரு தலையும் இருந்தது. நான் எடுத்ததிலேயே தெளிவான முதல் படம் அதுதான்.

"வண்ணத்துப்பூச்சிப் புழுங்க அது. குருவிக கொத்தாம இருக்க எச்சம் மாதிரி வேஷம் போடும். நாலு இருந்துச்சு. மூணைக் குருவி கொண்டு போயிருச்சு. இவன் ஒருத்தன்தான் மிச்சம்" என்றாள். "சமயநல்லூர்ல எங்க அப்பா எலுமிச்சைத் தோட்டத்துல இதுகளுக்கு எம்புட்டு மருந்து அடிச்சிருப்பாரு... செத்து விழுந்ததைத்தான் பாத்திருக்கேன். ஒண்ணாவது றெக்கை மொளச்சுப் பறக்குறதைப் பாக்கணும்னு ஒரு இலைகூடக் கிள்ளாம வச்சிருந்தேன்."

ரசத்தின் மர்மம் விளங்கிவிட்டது. விளங்காமலே இருந்திருக்கலாம். அவ்வளவு வெட்கமாக இருந்தது.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா, போட்டா எடுக்குறேன்னு அவனைப் பாடாப் படுத்துவீங்கன்னுதான் சொல்லல."

கைப்பிடிச் சுவர்ப் பக்கம் கையைக் காட்டினேன்.

துணி சுவரில் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. செல்வி அதை மடிப்பு மடிப்பாகப் பிரித்தாள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன், இந்தத் தடவை ஃபோகஸுக்காக அல்ல. மூன்றாவது மடிப்பில் ஒட்டிக் கிடந்தான். அசைவில்லை. ஒரு கறிவேப்பிலை இலையால் மெல்லத் தொட்டாள். சட்டென்று தலைக்குப் பின்னாலிருந்து இரண்டு மஞ்சள் கொம்புகள் நீண்டன. கூடவே அழுகிய எலுமிச்சை வாடை.

"கோவமா இருக்கான்" என்றாள் செல்வி. எனக்கு உயிர் வந்தது. அவளும் அன்று மத்தியானம் வரை கோபமாகத்தான் இருந்தாள்.

இலையோடு தூக்கி மறுபடி கொப்பில் விட்டோம். சாயங்காலம் போய்ப் பார்த்தால் இலை ஓரத்தில் புதிதாக ஒரு கடி. எவ்வளவு அழகான கடி! லென்ஸை எடுக்கக் கை பரபரத்தது. செல்வி ஒரு பார்வை பார்த்தாள். கையைப் பையிலேயே வைத்துக்கொண்டேன்.

குழப்பம் தீர்ந்ததா? கூடியிருக்கிறது. உற்றுப் பார்ப்பதற்கென்று லென்ஸ் வாங்கினேன். உற்றுப் பார்த்துக்கொண்டிருந்ததோ லென்ஸே இல்லாத செல்வி. நான் துடைத்துக்கொண்டிருந்தேன். இதுவரை எதையெல்லாம் அழுக்கு என்று துடைத்திருக்கிறேனோ... யாருக்குத் தெரியும்?

நேற்று பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது என் தோளில் சொத்தென்று ஒன்று விழுந்தது. பக்கத்தில் இருந்தவர், "தொடைங்கண்ணே" என்றார். "இருங்க" என்று லென்ஸை மாட்டிப் பார்த்தேன்.

கால் இல்லை. அசல் எச்சம்தான்.