கேப்பு வெடித்தது, மருந்து பற்றவில்லை

தேர்தலுக்காகக் காவல் நிலையத்தில் ஒப்படைத்திருந்த துப்பாக்கியைத் திருப்பி வாங்கிய மறுநாள், மதியத்தோடு தறியை நிறுத்திவிட்டு ஆரணியில் பஸ் ஏறினேன். கலசப்பாக்கம் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் நிலம் உண்டு. வேர்க்கடலை போட்டிருந்தோம். பன்றி இறங்கிவிட்டதென்று பக்கத்து நிலத்துக்காரர் இரண்டு முறை போன் செய்துவிட்டார். பட்டாசுக்கெல்லாம் அவை பயப்படுவதை நிறுத்தி வெகுநாளாகிறது.

துப்பாக்கி என் கணவருடையது. குழாயின் வாய்வழியாக வெடிமருந்தைக் கொட்டி இடித்து, பின்பக்கம் இருக்கும் சின்ன மூக்கில், தட்டினால் தீப்பொறி விடும் கேப்பு மாட்டிச் சுடும் பழைய வகை. பக்கவாதத்தில் அவருடைய வலது கையும் பேச்சும் போன பிறகு லைசென்ஸை என் பெயருக்கு மாற்றினோம். நான் குண்டு போடுவதில்லை. சத்தம் மட்டும்தான்.

வெயில் சாயும்போது ஆறு பன்றிகள் வந்தன. விசையை இழுத்தேன். கேப்பு 'டப்'பென்றது, அவ்வளவுதான். இன்னொரு கேப்பு மாட்டினேன். அதே கதை. ஒரு பன்றிகூடத் தலையைத் தூக்கவில்லை. காலையிலிருந்து தறிக்குழியில் மிதித்த கால் விண்விண்ணென்று வலித்தது. அழலாம் போலிருந்தது.

போனை ஒரு மண்கட்டியில் சாய்த்து வைத்து வீட்டுக்கு வீடியோ கால் போட்டேன். நாத்தனார் போனை அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். என்ன ஆனதென்று சொல்லிக்கொண்டே, குழாயை என் பக்கம் திருப்பி உள்ளே பார்க்கப் போனேன்.

"இரு!" என்று அலறினார். அவருக்கு மிச்சமிருந்த நாலைந்து வார்த்தைகளில் அது ஒன்று.

"அண்ணி, அந்தாண்ட திருப்பு! அண்ணன் பதறிகினு கீறாரு!" என்றாள் நாத்தனார். "கொஞ்ச நேரம் தாமசமா வெடிச்சாலும் வெடிக்குமாம், கைய காட்றாரு."

குழாயின் வாயை வரப்புப் பக்கம் நீட்டிக்கொண்டு அவர் கையை இறக்கும்வரை நின்றேன். என் கை கடுத்தது. பிறகு அவர் இடது கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் தேய்த்துக் காட்டினார்.

"எண்ணெயாங்க?"

தலையாட்டினார். ஸ்டேஷனில் துருப்பிடிக்கக் கூடாதென்று யாரோ தாராளமாக ஊற்றியிருக்கிறார்கள். மூக்கின் துளை அடைத்துவிட்டது; கேப்பின் நெருப்பு மருந்தைத் தொடவே இல்லை.

அவர் சைகை காட்டக் காட்ட, மூக்கைக் கழற்றி, முந்தானையில் குத்தியிருந்த ஊக்கால் துளையைக் குத்தித் துடைத்தேன். உள்ளே ஒரு சிட்டிகை புது மருந்து தூவித் திரும்ப முடுக்கினேன். மூன்றாவது கேப்பு. இந்த முறை தோள் அதிர்ந்தது. புகை கலைந்தபோது நிலத்தில் ஒரு பன்றிகூட இல்லை.

"அண்ணன் சிரிக்கிறாரு அண்ணி!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பாதிக் கடலைக் கொல்லையைக் கிளறிப் போட்டிருந்தன. பஸ்ஸில் ஜன்னல் கம்பியில் தலை சாய்த்தபடி தூங்கி வந்தேன்.

வீட்டுக்குள் நுழைந்ததும் அடுப்பைக் காட்டினார். மருந்துக் கரி இறுகுமுன் குழாயை வெந்நீரில் கழுவ வேண்டும்.

"காலையில பண்றேங்க. உடம்பு முடியல."

அவர் ஒத்துக்கொள்ளவில்லை. கோபம் வந்தது. இருந்தும் வெந்நீர் வைத்தேன். அவர் நகர்ந்து வந்து இடது கையால் குழாயைப் பிடித்துக்கொள்ள, நான் ஊற்றினேன். கறுப்புத் தண்ணீர் இருவர் காலிலும் வழிந்தது.