ரேஸ் கார் மாப்பிள்ளை

அக்காவுக்கு வந்த வரனின் போட்டோவைப் பார்த்ததுமே எனக்குப் பொறி தட்டியது. மாப்பிள்ளை கம்பீரமாக உட்கார்ந்திருந்தது ஒரு ரேஸ் காரில். மட்கார்டு கிடையாது, பின்சக்கரத்துக்குச் சைக்கிள் மாதிரி சங்கிலி. மோட்டார் பத்திரிகைகளைக் கரைத்துக் குடித்தவன் நான்; அது மாப்பிள்ளை பிறக்குமுன்பே ஓடி ஓய்ந்த வண்டி. அப்பாவோ, "கார் வச்சிருக்கிற மாப்ள" என்று எங்கள் ஊர் திருக்கோகர்ணம் முழுக்கச் சொல்லி முடித்துவிட்டார்.

போட்டோவின் பின்னால் கீரனூர் ஸ்டுடியோ ஒன்றின் முத்திரை இருந்தது. பஸ் ஏறினேன். ஸ்டுடியோக்காரர் ஒல்லி, விரல்களெல்லாம் மருந்துக் கறை. யார் வந்தாலும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு கழுத்தை அளப்பார். என் கழுத்தையும் அளந்தார்.

"இது யாரு காருங்க?"

"யாரு தலை இருக்கோ அவுக காருதான் தம்பி. படம் இங்கிலீஸ் பேப்பர்ல வந்தது. இதுவரைக்கும் நாலு மாப்ள ஓட்டியாச்சு."

"அசல் சொந்தக்காரர் தலை எங்கங்க?"

"வெட்டுன தலைய வச்சு நான் என்ன செய்ய? தொரைக்குப் பொண்ணா பாக்கப்போறேன்? ஒங்களுக்கும் ஒண்ணு ஒட்டவா? கழுத்து பொருந்தி வருது."

அவரைத் திட்டுவதா கும்பிடுவதா என்று இன்னும் புரியவில்லை. ஒட்டின தடமே தெரியவில்லை!

நான் சொன்னால் அப்பாவுக்கு ஏறாது. ஆகவே அவரைக்கொண்டே மாப்பிள்ளை வீட்டுக்கு எழுதவைக்கப் போகிறேன்: நிச்சயதார்த்தத்துக்கு அந்தக் காரிலேயே வந்து இறங்குங்கள்.